கேம்பிரிட்ஜில் ஒரு மாலை ஐந்தரை மணி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிங்ஸ் கல்லூரிக்குள் இருக்கும் தேவாலயமான சேப்பலில் பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற ஊழியர், ஐந்தரைக்கு மாலை வழிபாடு, யாரும் வரலாம், காசு கிடையாது என்றார். சரி என்று வரிசையில் நின்றோம். நல்லதாகப் போயிற்று.

உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக மேலே திரும்பியது. எண்பது அடி உயரத்தில், விசிறிகளை விரித்து அடுக்கியதுபோல் கல்கூரை. மன்னர் ஆறாம் ஹென்றி 1446-இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் போராலும் பணமுடையாலும் பல பத்தாண்டுகள் இழுத்தடித்தது. கூரையை மட்டும் ஜான் வாஸ்டெல் 1512 முதல் மூன்றே ஆண்டில் முடித்துவிட்டார். நடுவே குறுக்காக நிற்கும் ஓக் மரத் தடுப்பில் மன்னர் எட்டாம் ஹென்றி, அவர் மனைவி ஆன் போலின் இருவரின் முதலெழுத்துகள். மன்னரின் ஆணையில் அவள் தலை 1536-இல் போய்விட்டது. எழுத்தை யாரும் செதுக்கி எடுக்கவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுவத்திகள். பாடுவதற்குப் பதினாறு சிறுவர்கள், கல்லூரியின் பள்ளியில் படிப்பவர்கள். கனத்த குரல்களுக்குக் கல்லூரி மாணவர்கள். பாடும்போது தேவதூதர்கள்தான், வாசகம் படிக்கையில் ஒரு பொடியன் புத்தகத்துக்குப் பின்னால் கொட்டாவி விட்டான். எனக்கு முன்வரிசையில் ஒரு மாணவி முதுகுப்பையோடு வந்து கண்மூடி உட்கார்ந்திருந்தாள். வழிபாடு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நமக்குத்தான் இது சுற்றுலாத் தலம். அவளுக்கு, விடுதிக்குப் போகிற வழியில் இருக்கிற கோயில்.

இங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடக்கும் பாடல் வழிபாடு வானொலி வழியே உலகம் முழுக்கப் போகிறது. அதை 1918-இல் தொடங்கியவர் எரிக் மில்னர்-ஒயிட். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குப் பாதிரியாராக இருந்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பியவர்.

அந்தப் போரில் இறந்த மாணவர்களின் பெயர்கள் பக்கவாட்டு அறை ஒன்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மறுநாள் சீட்டு வாங்கிக்கொண்டு அதற்காகவே போனேன். கவிஞர் ரூபர்ட் புரூக்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். ஆனால் நான் தேடியது ஃபெரன்ஸ் பெக்காஸியை. ஹங்கேரிக்காரர், இங்கே படித்தவர். போர் வந்ததும் ஊர் திரும்பி எதிரிப் படையில் சேர்ந்து, 1915-இல் செத்துப்போனார். பட்டியலில் அவரைச் சேர்க்கவில்லை, விட்டுவிடவும் மனம் வரவில்லை போலும். வேறொரு சுவரில், தனியாக, அவர் பெயர் இருந்தது.