வத்தலகுண்டு தாண்டியதும் ஆட்டம் ஆரம்பம்

செகிரோ என்ற வீடியோ கேமில் என்னைத் தடுத்து நின்ற எதிரி கெனிச்சிரோ விழுந்துவிட்டான். செகிரோ 2019இல் வந்த ஆட்டம். ஊரே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போன பிறகு, நான் இப்போதுதான் அவன் நிற்கும் அஷினா கோட்டை உச்சியைத் தாண்டியிருக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. கொடைக்கானலில் வாடகைக்கு விடும் காட்டேஜ்கள், ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டிய அம்மா, இத்தனைக்கும் நடுவில் நடந்த காரியம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

குடும்பஸ்தனுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டம் என்பார்கள். செகிரோவுக்கு அது சரிப்படாது. நாள் முழுக்கப் படியேறி இறங்கிய உடம்போடு கதை ஓடுகிற ஆட்டம் ஆடலாம். கத்தி வந்து விழும் நொடியில் எல்1 (தடுக்கும் பட்டன்) தட்ட வேண்டுமென்றால் கை விழித்திருக்க வேண்டும். எனக்கு வாய்த்த நேரம் மத்தியானம். ரூம் போட்டவர்கள் "அண்ணே, வத்தலகுண்டு தாண்டிட்டோம்" என்று போன் செய்வார்கள். அதற்குள் விரிப்பு மாற்றி, விறகு அடுக்கி வைத்திருப்பேன். காமக்காபட்டி சோதனைச் சாவடியில் கொஞ்சம் நிற்பார்கள், ஊத்தில் டீ குடிப்பார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் இறங்கிப் போட்டோ எடுக்காத வண்டி கிடையாது. 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேறு. எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரம் நான் வீட்டை விட்டு நகரவும் முடியாது. விளையாட இதைவிடத் தோதான நேரம் இல்லை.

கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் என்ற கேம் கருவி இல்லாவிட்டால் இது நடக்காது. "ஏங்க, பெருமாள்மலை வந்துட்டாங்களாம், கெய்சரைப் போடுங்க" என்று வீட்டில் குரல் வந்தால் மேலே இருக்கும் பவர் பட்டனை ஒரு தட்டு. அப்படியே தூங்கிவிடும். சாயங்காலம் எடுத்தால் அதே வெட்டு பாதியில் நிற்கும். அதோடு செகிரோவில் சண்டை நடுவிலும் ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம். அதே கம்பெனியின் எல்டன் ரிங்கில் அந்த வசதி இல்லை. உதவிப் பக்கத்தைத் திறந்து வைக்கிற குறுக்கு வழிதான். எங்களைப் போன்றவர்கள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிராஃபிக்ஸுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என்னுடையது பழைய எல்சிடி மாடல், 40 வாட்-ஹவர் பேட்டரி. நொடிக்கு 60 ஃப்ரேமில் (படங்களில்) விட்டால் மளமளவென்று இறங்கிவிடும். 30க்குக் குறைத்தால் தடுப்பு ஆட்டத்தில் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது. திரையை 40 ஹெர்ட்ஸில் பூட்டியதும் எல்லாம் சரியானது. 60இல் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட், 30இல் 33.3, 40இல் 25. எண்ணில் பார்த்தால் 40 என்பது 30க்குப் பக்கம். நேரக் கணக்கில் சரியாக நடுவில் நிற்கிறது. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியும். கூடவே மின்சார வரம்பை 10 வாட்டுக்கு இறக்கினேன். மலைப்பாதைப் பயணம் முடியும்வரை சார்ஜ் தாங்குகிறது.

இனி கெனிச்சிரோவின் மின்னல். முதல் இரண்டு கட்டத்தில் அவனை விட்டு நகராமல் நெருக்கினால் போதும். தள்ளி நின்றால் வில்லை எடுப்பான். மூன்றாவது கட்டம் வேறு சமாச்சாரம். அவன் எகிறி மின்னலை ஏற்றும்போதே நானும் எகிற வேண்டும். அந்தரத்தில் இருக்கும்போது மின்னல் என் மேல் விழ வேண்டும். கால் தரையைத் தொடுமுன் ஆர்1 (வெட்டும் பட்டன்) தட்டினால் அது அவன் மேலேயே திரும்பிப் போய் விழும், உடம்பு உதற அப்படியே நிற்பான். எகிறுவது சுலபம். விரலை அடக்கி வைப்பதுதான் கஷ்டம். முந்தித் தட்டினால் அது வெறும் வெட்டு. ஓநாயின் (ஆட்டத்தில் நான் இயக்கும் நாயகன்) உடம்பெல்லாம் மின்னல் சுற்றிக்கொள்வதைக் கண்ணால் பார்த்து, அதற்கப்புறம் தட்ட வேண்டும். கால்மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் நான் கெனிச்சிரோ பக்கமே போவதில்லை. ஆட்டத்தில் வரும் பாழடைந்த கோயிலில், பயிற்சிக்கென்று நிற்கும் ஹன்பேயிடம் எல்1 பயிற்சி மட்டும். மின்னல் பாடம் அவனிடம் கிடையாது, ஆனால் விரல் துருப்பிடிக்காது. ஜெயித்த அன்று மூஞ்சிக்கல்லில் வண்டிகள் நகரவே இல்லை. மூன்று முறை மின்னலைத் திருப்பி எறிந்தேன். மகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிற அளவுக்குக் கத்தினேன்.

ஆட்டத்தில் அடுத்து சென்போ கோயில் மலை. ஆனால் அதற்கு முன்னால் டெக்கின் இடது ஸ்டிக்கை (ஆளை நடத்தும் குமிழ்) பார்க்க வேண்டும். தொடாமலே கேமரா முன்னால் ஓநாய் தானாக நடக்கிறான். ஸ்டீம் டெக் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வரவில்லை, இறக்குமதி செய்து கொடுத்த கடைக்காரர் போனையே எடுப்பதில்லை. காந்த சென்சார் வைத்த ஸ்டிக் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்குமா என்று மச்சானை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். சென்சாரில் உரசல் இல்லாததால் அது தேயாது. பின்மூடியில் எட்டுத் திருகு, நாலு நீளம் நாலு குட்டை, கலந்துவிடக் கூடாது. எஸ்டி கார்டை முதலில் உருவிவிட வேண்டும். பனி இறங்கும் நேரத்தில் திறப்பதாக இல்லை, இந்த ஈரத்தில் டெக்கை சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) டப்பாவிலிருந்து எடுக்கவே பயமாக இருக்கிறது. ஆடி பிறந்தால் புதுமணத் தம்பதிகள் புக்கிங் நின்றுவிடும். அந்த முதல் வாரத்தில், மத்தியான வெயிலில், சாப்பாட்டு மேஜையில் பிரிக்கலாம் என்று இருக்கிறேன். மேஜை வேண்டும் என்று வீட்டில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.