அம்மாவின் கணுக்கால்: கட்டா, பிளேட்டா?

நவம்பர் 3, 2025, திங்கள்

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிகிறது. வலது கணுக்காலின் வெளிப்பக்கத்து எலும்பில், மூட்டு மட்டத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு முறிவு. கீழ்த்துண்டு இரண்டு மில்லிமீட்டர் போலப் பின்னால் நகர்ந்திருக்கிறது. உள்பக்கத்து எலும்பு உடையவில்லை. நேற்று சாயங்காலம் கொல்லைப் படியில், மழை ஈரத்தில் வழுக்கியதில் வந்தது. அம்மாவுக்கு வயது 66. பல வருடமாகச் சர்க்கரை வேறு.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் படத்தைப் பார்த்த கையோடு, "நாளைக்கே பிளேட் வச்சிடலாம்" என்றார்கள். கால் நன்றாக வீங்கியிருந்தது. உள்பக்கத்து ஜவ்வு அறுந்திருக்கிறதா, அம்மா எழுந்து நின்றால் எலும்பு நகர்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. நான் கேட்டதற்கு, "எலும்பு உடைஞ்சிருக்கில்ல, அப்புறம் என்ன?" என்றார் பணியில் இருந்தவர். ஸ்லாப் (அரை மாவுக்கட்டு) மட்டும் போடச் சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். கோபம் இன்னும் அடங்கவில்லை. சர்க்கரை உள்ள ஒருவரின் கணுக்காலில் தோலைக் கிழிக்கும் முன் ஒரு சோதனை செய்ய அரை மணி நேரம் ஆகியிருக்குமா?

காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை அடுக்கி வைத்திருக்கிறோம். விரல்களை அசைக்க முடிகிறது.

நவம்பர் 5, புதன்

பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "தம்பிக்கு அன்னைக்கு பிளேட் வச்சாங்களே, அம்மாவுக்கு மட்டும் ஏன் வேண்டாங்கிறே?" நியாயமான கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். தடித்தது டிபியா, மெல்லியது ஃபிபுலா. இரண்டின் அடிமுனைகளும் கவட்டைபோல இறங்கி, பாதத்தின் உச்சியில் இருக்கும் டாலஸ் என்ற எலும்பை இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. உடம்பின் எடை முழுவதும் அந்தச் சின்னப் பரப்பின் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. 1976இல், இறந்தவர்களின் கணுக்கால்களை வைத்து ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். டாலஸ் வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே, எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. மிச்சப் பரப்பு மொத்த எடையையும் தாங்கினால் குருத்தெலும்பு தேயும், பின்னாளில் மூட்டுவலி வரும்.

2021இல் தம்பி பைக்கிலிருந்து விழுந்தபோது அவனுக்கு இருபக்கமும் உடைந்து, டாலஸே இடம் மாறிப் போயிருந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, உள்பக்கத்துத் தோல் வெளுத்து இழுபட்டு நின்றது. அவசரப் பிரிவிலேயே இழுத்து நேராக்கினார்கள். அப்படியும் கட்டுக்குள் அது நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்த பிறகு பிளேட்டும் ஸ்க்ரூக்களும் வைத்தார்கள். அவன் வயதில், அந்த முறிவுக்கு, அதுதான் சரி. அதை வெறும் மாவுக்கட்டில் விட்டிருந்தால் இன்று நொண்டிக்கொண்டிருப்பான்.

அம்மாவுக்கு உடைந்தது ஒரு பக்கம் மட்டும். டாலஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்பதுதான் இனி தெரிய வேண்டியது.

நவம்பர் 7, வெள்ளி

பெரியப்பா வந்தார். புத்தூர் கட்டுக்குக் கார் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்தார். ஆந்திராவின் புத்தூருக்குத் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் போய் வருகிறார்கள். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை. அவர் கை அங்கே கட்டித்தான் கூடியது, நன்றாகவே இருக்கிறது. அவர் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீக்கம் வடியாத காலில் கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். சர்க்கரைக்காரருக்கு அது காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். தவிர, உள்ளே எலும்பு நகர்ந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, எக்ஸ்ரே வேண்டும். பெரியப்பாவிடம் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். "சரிம்மா, திங்கக்கிழமை டாக்டர் என்ன சொல்றார்னு பார்ப்போம்" என்று கிளம்பினார். வாசல் தாண்டியும் முகம் தெளியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இன்று பார்த்த எலும்பு மருத்துவர் முதலில் ஸ்லாபைப் பிரித்துத் தோலைப் பார்த்தார். அப்புறம் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டு, "உணர்ச்சி தெரியுதாம்மா?" என்று கேட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. உணர்ச்சி போயிருந்தால் கணக்கே வேறு என்றார். அப்படிப்பட்ட காலில் எலும்பு கூடுவதற்கு ரொம்ப நாளாகும். வலி தெரியாமல் ஊன்றி ஊன்றி மூட்டே சிதைந்துபோகவும் கூடும்.

அடுத்து, வாக்கரைப் பிடித்தபடி முடிந்த அளவு எடையை ஊன்றி நிற்க வைத்து எக்ஸ்ரே. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். படத்தில் டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்தது டாலஸுக்கும் உள்பக்கத்து எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை. அது நாலு மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. மேல்பக்கத்து இடைவெளிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அதாவது உள்பக்கத்து ஜவ்வு பிடித்துக்கொண்டிருக்கிறது, மூட்டு கலையவில்லை.

இதற்கு வெபர் பி வகை முறிவு என்று பெயர். பெல்ஜியத்தின் டேனிஸும் சுவிட்சர்லாந்தின் வெபரும் வகுத்த முறை. ஃபிபுலா எந்த மட்டத்தில் உடைந்தது என்பதுதான் கணக்கு. இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் ஜவ்வுக்குக் கீழே உடைந்தால் ஏ, பெரும்பாலும் கட்டு போதும். மேலே உடைந்தால் சி, பெரும்பாலும் ஆபரேஷன். அந்த மட்டத்திலேயே உடையும் பி கட்டோடும் முடியலாம், ஆபரேஷனுக்கும் போகலாம். அதனால்தான் நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே இவ்வளவு முக்கியம்.

முடிவு: ஆபரேஷன் வேண்டாம். ஃபைபர் கட்டு.

நவம்பர் 12, புதன்

தூக்கம் வராமல் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே வெபர் பி முறிவுள்ள 160 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2017இல் வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கால் ஒரு வருடம் கழித்து மற்றவர்களுடையதைவிட நன்றாக இல்லை. சிக்கல்கள்தான் அவர்களுக்குக் கூடுதல்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது பிரிட்டனின் 2016 ஆய்வு. 60 வயது தாண்டிய 620 பேர். அவர்களுடைய முறிவுகள் அம்மாவுடையதைப் போல நிலையானவை கிடையாது, நகரக்கூடியவை. பாதிப் பேருக்கு ஆபரேஷன். மீதிப் பேருக்கு மயக்க மருந்து கொடுத்து, எலும்பைச் சரிசெய்து, பஞ்சு குறைவாக வைத்து, காலின் வடிவத்தோடு ஒட்டி அறுவை மருத்துவரே போட்ட கட்டு. ஆறு மாதத்தில் காலின் செயல்பாட்டுக்கான மதிப்பெண் ஆபரேஷனுக்கு 66, கட்டுக்கு 64.5. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். தொற்றும் காயம் பிரிவதும் ஆபரேஷனில் 10 சதவீதம், கட்டில் 1 சதவீதம். எலும்பு கோணலாகக் கூடியதோ ஆபரேஷனில் 3, கட்டில் 15 சதவீதம். கட்டில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிறகு ஆபரேஷனுக்குப் போக வேண்டிவந்தது.

ஆக, கட்டு என்றால் போட்டுவிட்டு மறந்துவிடுகிற வேலை கிடையாது. நல்ல கை போட வேண்டும், திரும்பத் திரும்ப எக்ஸ்ரே பார்க்க வேண்டும், நகர்ந்தால் உடனே ஆபரேஷன் அறைக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் "வயசானவங்க, கட்டே போதும்" என்று அனுப்பிவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை. முதலில் போன மருத்துவமனையில் வந்த அதே கோபம்தான் அதைக் கேட்டாலும் வரும்.

நவம்பர் 24, திங்கள்

எக்ஸ்ரேயில் எலும்பு நகரவில்லை. பின்லாந்தில் 247 பேரை வைத்து நடந்த 2019 ஆய்வைப் பற்றிக் கேட்டேன். நிலையான வெபர் பி முறிவுக்கு மூன்று வாரக் கட்டே ஆறு வாரக் கட்டுக்கு ஈடாக இருந்ததே என்றேன். டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் சர்க்கரையை நினைத்து, கட்டைப் பிரித்துக் கழற்றி மாட்டும் பூட் கொடுத்தார், இன்னும் மூன்று வாரத்துக்கு. அதை மாட்டிக்கொண்டு வாக்கரோடு நடக்கலாம்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் வந்துவிடச் சொன்னார். அசையாத காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து கட்டிலும் உண்டு, ஆபரேஷனிலும் உண்டு.

டிசம்பர் 16, செவ்வாய்

பூட் போய்விட்டது. மார்கழி முதல் நாள். அம்மா கோலம் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஸ்டூலில் உட்கார்ந்து சின்னதாகப் போட்டார். குந்தவோ சம்மணம் போடவோ இன்னும் முடியவில்லை, பாதம் மேல்நோக்கி மடங்க மறுக்கிறது. கால் எவ்வளவு தேறியது என்று அளக்கும் வெளிநாட்டு மதிப்பெண் பட்டியல்களில் படியேறுவது, ஓடுவது, குந்துவது எல்லாம் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுவது இல்லை. நம் வீடுகளில் அதுதான் முதலில் வேண்டியிருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் அதைச் சொல்லி, அதற்கேற்ற பயிற்சியாகக் கேட்டு வாங்கினோம். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொட வேண்டும். தினமும் காலையும் மாலையும்.

ஜனவரி 19, 2026, திங்கள்

பொங்கல் வேலை முழுக்க அம்மா நின்றே செய்தார். சாயங்காலம் கொஞ்சம் வீங்குகிறது. சில மாதம் அப்படித்தான் இருக்குமாம். எலும்பு கூடிவிட்டது. கொல்லைப் படியில் கைப்பிடிக் கம்பி வைத்தாயிற்று.

தம்பியும் கூட வந்திருந்தான். தன் பிளேட்டை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டான். செருப்பு வார் உரசி வலித்தாலோ தொற்று வந்தாலோ எடுக்கலாம், தொந்தரவு இல்லையென்றால் அதற்காக இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்றார். அவனுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. அப்படியே விட்டுவிட முடிவு செய்திருக்கிறான்.