ஜெனரேட்டர் பிடிப்பதற்குள்

8 டிசம்பர் 2024, ஞாயிறு

கார்த்திகையில் எங்களுக்கு இதுதான் கடைசிக் கல்யாணம். ரங்கூனில் தாம்வே பக்கம் மண்டபம். மேடையைச் சுற்றி யாரோ ஊதா நிற எல்ஈடி பட்டை ஒட்டிவிட்டிருந்தார்கள், ஜெனரேட்டர் மூச்சு வாங்கும்போதெல்லாம் படத்தில் கோடு கோடாக விழுந்தது. கரண்ட் சீராக 50 ஹெர்ட்ஸில் வந்தால் ஷட்டரை 1/100-இல் வைத்துவிட்டுத் தப்பிக்கலாம். ஜெனரேட்டர் எங்கே 50-இல் நிற்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது. 1/50-க்கு இறக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். தம்பி இரண்டாவது கேமராவோடு பந்தியில் இருந்தான். பந்தியிலேயே இரு, வாசல் பக்கம் போகாதே என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவன் பதில் சொல்லவில்லை.

9 டிசம்பர்

கார்டு எல்லாம் இறக்கியாச்சு. இரண்டு டிஸ்கில்.

11 டிசம்பர், புதன்

கல்யாணப் படம் எடுக்கும் எங்கள் ஆட்களுக்கு மொகல் தெரு அண்ணன் வைபரில் செய்தி போட்டுவிட்டார். வருஷத்தின் கடைசி ஞாயிறு, அதே டீக்கடை, ஆளுக்கு ஒரு படம். பிரிண்ட் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும், போனில் காட்டக் கூடாது, 8க்கு 12 அளவு. அவர் வைத்த சட்டம் இது. கையில் பிடித்துப் பார்க்காத படம் படமே இல்லை என்பார். எனக்கு அது சரி என்றுதான் படுகிறது. போனில் பார்க்கிறவர்கள் விரலால் தள்ளிவிடுவார்கள், தாளைத் தள்ள முடியாது.

இந்த வருஷம் 27 கல்யாணம். போன வருஷத்தைவிடக் குறைவு. ஜூலையில் வாசோ பௌர்ணமியிலிருந்து அக்டோபரில் தடின்ஜுட் பௌர்ணமி வரை பர்மியர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்கு நடுவில் நமக்கு ஆடி, ஆக மழைக்காலம் முழுக்க ஆவணியை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கும் ஜோடிப் படம் மட்டும் 11. பதினொன்றிலும் கண்டவ்ஜி ஏரி, பின்னால் கரவெய்க் தங்கப் படகு, பெண் தலை சாய்த்துப் பையன் தோளில். கேட்டால் மறுக்க முடியாது, அவர்கள் காசு. ஆனால் அந்தப் பதினொன்றையும் ஒரே மூச்சில் பார்த்தபோது முகங்களை மாற்றி வைத்தால்கூடத் தெரியாது என்று தோன்றியது. அதில் நான் வெட்கப்பட வேண்டியது இருக்கிறது.

எதைக் கொண்டுபோவது என்று எனக்கு முன்பே தெரியும். ஆவணியில் எடுத்தது. அதைத் திறக்காமல் மற்றதையெல்லாம் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

13 டிசம்பர், வெள்ளி

தீபம். அம்மா வாசலில் 9 அகல் வைத்தாள். தெருவில் கரண்ட் இல்லாததால் எங்கள் வாசல் மட்டும் தெரிந்தது. தெரிய வேண்டாம் என்று அப்பா இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

14 டிசம்பர்

திறந்தேன்.

ஆவணி, விடிகாலை 5 மணி முகூர்த்தம், வெளியே கொட்டுகிற மழை. பெண்ணுக்கு ஒரே அண்ணன், மலேசியாவில் இருக்கிறான். பொரியிட அவன்தான் வர வேண்டும். வர முடியாது. சித்தப்பா மகன், ஒன்பது வயது, அவனைக் குளிப்பாட்டி வேட்டி கட்டி நிறுத்திவிட்டார்கள், அத்தை ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பையனுக்குப் பின்னால் நின்றாள், போனில் அண்ணன். பையன் கைநிறையப் பொரியை அள்ளிப் பெண்ணின் கையில் போடும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்க அந்த மண்டபத்தில் 40 விநாடி ஆகும், முதல் நாளே எண்ணி வைத்திருந்தேன். ஃபிளாஷ் போடத் தோன்றவில்லை. ஹோம நெருப்பும் போன் திரையும் தவிர வேறு வெளிச்சமே இல்லை. ஐஎஸ்ஓ 6400, 35 எம்எம் லென்ஸ், எஃப் 1.8, ஷட்டர் 1/60. பொரி ஆடிப்போய் வெள்ளைக் கோடாக இருக்கிறது. பெண்ணின் முகம் பாதி நெருப்புச் சிவப்பு. போன் திரையில் அவன் முகம் நீலமாக, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டிருக்கிறது, ஏனென்றால் அதே நேரத்தில் வைஃபையும் போய்விட்டது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று யாருக்கும் தெரியாது. மறுபடி கிடைத்தபோது சடங்கு முடிந்திருந்தது.

நெருப்பு 2,000 கெல்வினுக்குப் பக்கம், போன் திரை 6,500-க்கும் மேல். நெருப்பைச் சரிசெய்தால் அவன் இன்னும் நீலமாகிறான், அவனைச் சரிசெய்தால் மேடை முழுக்க ரத்தச் சிவப்பு. நாலு மாதமாக இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று சரிசெய்யாமல் விட்டுவிட்டேன். இருந்தது அப்படித்தான்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி ஒன்று. இனி தை வரை நம்மவர் கல்யாணம் கிடையாது. இரவு 11 மணிக்கு மேல் வார்டு ஆபீஸிலிருந்து வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாலு பேர் என்று அப்பா சொன்னார். வயசு கேட்டார்கள், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கத்தான்.

17 டிசம்பர்

தூங்கவில்லை.

19 டிசம்பர், வியாழன்

அந்தப் படத்தை டீக்கடையில் ஆறு பேர் நடுவில் வைக்கலாமா கூடாதா என்பதே இப்போது பெரிய கேள்வியாகிவிட்டது. படத்தில் பெண்ணின் அண்ணன் முகம் அவ்வளவு தெளிவு. ஆறு பேரும் நம்மவர்கள்தான், எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் டீக்கடையில் பக்கத்து மேசை இருக்கிறதே, யாராவது போனில் ஒரு படம் எடுத்துவிட்டால்? விபிஎன் இல்லாமல் ஃபேஸ்புக் திறக்காத ஊரில்கூட ஒரு படம் எங்கே எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அவன் எப்படிப் போனான் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. திரையை மட்டும் வெளுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கட்டம், அதைத் தூக்கிப் பிடித்த அத்தை. ஏன் இந்த அம்மாள் வெறும் விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்பார்கள். அவன் முகம் இல்லாமல் அது படமே இல்லை.

பெண்ணின் அம்மாவுக்கு வைபரில் எழுதினேன். “அம்மா, ஆவணியில் எடுத்த ஒரு படத்தை எங்க ஆட்கள் ஆறு பேருக்குக் காட்டலாமா? அண்ணன் முகம் தெரியுது. வேண்டாம்னா காட்ட மாட்டேன்.” படத்தை அனுப்பவில்லை. எந்தப் படம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

20 டிசம்பர்

பதில் இல்லை.

22 டிசம்பர், ஞாயிறு

பதில் இல்லை. நெட் இருந்ததா என்பதே சந்தேகம்.

அப்பாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். அவருக்கு வலது கை நடுக்கம் வந்து மூன்று வருஷம், கேமராவைத் தொட்டு அதே மூன்று வருஷம். அவர் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு 3 ரோல், ரோலுக்கு 36, மொத்தம் 108 படம், அர்ச்சனை மாதிரி எண்ணி எண்ணி எடுப்போம் என்பார். நான் ஒரு கல்யாணத்துக்கு 2,000 தாண்டுகிறேன். ஷார்ப் இல்லை, பொரி ஆடியிருக்கிறது என்று சொல்வார் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். “அங்க என்ன வேலை பாக்குறானாம்?” என்றார். தெரியாது என்றேன். “விசாரிச்சு வை” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

24 டிசம்பர்

கரண்ட் இரவு 1 மணிக்கு வந்தது. தெருவில் எந்த வீட்டுப் பையனோ தூக்கத்திலிருந்து எழுந்து “மீ லா ப்யீ”, கரண்ட் வந்துவிட்டது என்று கத்தினான். தம்பி வந்து எழுப்பினான், எப்போதும் அவன்தான் எழுப்புவான், எனக்கு அலாரம் காதில் விழாது. இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு பிரிண்ட் போட்டோம். ஒன்று அந்தப் படம். இன்னொன்று, பதில் வராவிட்டால் காட்டுவதற்கு, வைகாசியில் சைக்காவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில், உட்கார்ந்து சிரிக்கிற பெண், மடியில் மாலை, பக்கத்தில் மிதிக்கிறவரின் கைலி மழையில் ஒட்டிக்கிடக்கிறது. நல்ல படம்தான். முதல் படம் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போது தம்பி தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். “இந்த ஃபிரேம்ல நான் எங்க இருந்தேன்?” என்று கேட்டான். மாப்பிள்ளை பக்கம், தூணுக்கு அப்பால் என்றேன். அவனும் அதே 40 விநாடியில் 9 படம் எடுத்திருக்கிறான், ஒன்பதும் இருட்டு.

25 டிசம்பர்

அம்மா தம்பியுடைய சான்றிதழ்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். அரிசி எடுக்கப் போனபோது பார்த்தேன்.

27 டிசம்பர், வெள்ளி

பதில் இல்லை. மறுபடி எழுதலாமா என்று யோசித்தேன். ஒருதரம் கேட்டதே அதிகம்.

29 டிசம்பர், ஞாயிறு

போய் வந்தாச்சு. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்துவிடும்.

மோகிங்கா சாப்பிட்டு முடித்துக் கை துடைத்த பிறகுதான் படத்தை எடுக்க வேண்டும், அதுவும் அண்ணன் சட்டம். முதலில் பெகு பையன். செப்டம்பர் வெள்ளத்தின்போது எடுத்தது. கோயில் வாசலில் முழங்கால் தண்ணீர், ஏழு பெண்கள் வரிசையாகச் சீர்த்தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறார்கள், தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு ஏழு தட்டு. கடைசியில் வருகிற அம்மாளின் தட்டில் வாழைப்பழச் சீப்பு சாய்ந்து விழப் போகிறது. அந்தச் சாய்வுதான் படம். அது நேராக இருந்திருந்தால் நான் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன். வருஷத்தின் நல்ல படம் இதுதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த தங்கச்சி அம்மி மிதிக்கும் கால், மெட்டி, 85 எம்எம்-இல் பக்கத்தில் எடுத்தது. அழகு. ஆனால் அது எல்லார் ஆல்பத்திலும் இருக்கிறது. அந்தக் கால் யாருடையது என்று தெரிகிற மாதிரி ஏதாவது ஒன்று உள்ளே வர வேண்டும் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது, அப்புறம் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

மோல்மேனிலிருந்து வர முடியாதவர் படத்தை மட்டும் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார். அட்சதை தூவும் நேரம், ஃபிளாஷில் ஒவ்வொரு அரிசியும் அந்தரத்தில் நிற்கிறது, மாப்பிள்ளையின் இமைமேல் ஒரு மணி மஞ்சளாக ஒட்டியிருக்கிறது.

அண்ணன் கடைசியாக எடுத்தார். பர்மிய மாப்பிள்ளை, நம் பெண். இருவர் கையையும் சேர்த்துத் துணியால் சுற்றி வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, சங்கு ஊதுவார்கள் அல்லவா, எல்லாரும் அந்தக் கையைத்தான் எடுப்பார்கள். அண்ணன் திரும்பி முதல் வரிசையை எடுத்திருக்கிறார். பெண்ணின் ஆயா. கன்னத்தில் தனக்காப் பூச்சு, நெற்றியில் விபூதி. சங்குச் சத்தம் காதில் விழுந்ததும் கோயில் என்று நினைத்துக் கண்ணை மூடிக் கை கூப்பிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையின் அப்பா அவளைப் பார்த்துவிட்டு, தானும் கையைக் கூப்பப் போகிறார், பாதிதான் வந்திருக்கிறது கை. சுற்றி வந்து பார்த்தோம், யாரும் பேசவில்லை. எப்படித் திரும்பத் தோன்றியது என்று கேட்டேன். “சங்கு ஊதுனா யாராவது கும்பிடுவாங்கன்னு திரும்புனேன்மா” என்றார். 40 வருஷம் கல்யாணம் எடுத்த ஆளுக்குத்தான் அது தெரியும்.

நான் சைக்காவைக் காட்டினேன். நல்லா இருக்கு என்றார்கள். அண்ணன் என் பையைப் பார்த்தார், உறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “அது என்ன?” “இன்னொண்ணு அண்ணே. கேட்டிருக்கேன், பதில் வரல.” சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான், மேலே கேட்கவில்லை. டீக்கு அவரே காசு கொடுத்தார்.

30 டிசம்பர்

பெகு பையன் தன் படத்தின் பிரதி ஒன்று எனக்குக் கொடுத்திருக்கிறான். அப்பாவிடம் காட்டினேன். “வாழைப்பழம்” என்றார். ஒரே வார்த்தை. அதையேதான் நானும் பார்த்தேன்.

1 ஜனவரி 2025, புதன்

பதில் வந்தது. காலையில் 6 மணிக்கு. எழுத்தில்லை, குரல் பதிவு, 50 விநாடி. “நெட் இல்லம்மா, போனும் ரிப்பேர். நீ காட்டு, யாருக்கு வேணா காட்டு, என் புள்ள என்ன தப்பா பண்ணிட்டான். முகத்த மட்டும் மறச்சுடாத. எனக்கு ஒண்ணு பெரிசா போட்டுக் குடு, சாமி ரூம்ல இல்ல, ஹால்ல மாட்டணும். எவ்வளவு ஆவும்னு சொல்லு.” முதல் பத்து விநாடி அவர் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு மட்டும்தான்.

16க்கு 24 போடப் போகிறேன். ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்ததை அவ்வளவு பெரிதாக்கினால் மணல் மணலாகத் தெரியும். தெரியட்டும். என் பிரிண்டரில் அந்த அளவு வராது, வெளியே கொடுக்க வேண்டும், நான் பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு வருவேன். காசு வாங்க மாட்டேன்.

2 ஜனவரி

பிரிண்ட் வாங்கியாச்சு. கொடுக்கவும் கொடுத்தாச்சு. அவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் படம் எடுக்கவில்லை.

3 ஜனவரி, வெள்ளி

அம்மா அரிசி டின்னிலிருந்து உறையை எடுத்துவிட்டாள்.

தைக்கு மூன்று கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கேமராவுக்கு அம்மி மிதித்த கால் எடுத்த தங்கச்சியைக் கேட்க வேண்டும். அவளுக்குப் பந்தி எடுக்கத் தெரியுமா தெரியவில்லை, தம்பி மாதிரி சாப்பிடுகிறவர்கள் வாயைத் திறக்காத நேரம் பார்த்து எடுக்க ஒருத்தருக்கும் வராது.

5 ஜனவரி, ஞாயிறு

இரவு 1 மணிக்குக் கரண்ட் வந்தது, யாரும் எழுப்பாமலே எழுந்துவிட்டேன். தம்பி அப்போதும் மடித்துக்கொண்டிருந்தான், இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், மருந்து. கேமரா வேண்டாம், வழியில் கேட்பார்கள் என்றான். சரி என்றேன். அவன் குளிக்கப் போன நேரத்தில் 35 எம்எம் லென்ஸை ஒரு காலுறைக்குள் போட்டுப் பையின் அடியில் வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.