புள்ளி தவறாத மை

எந்தப் பேனாவில் எந்த மையை நிரப்பினாலும் முதலில் நான் எழுதிப் பார்ப்பவை இரண்டே சொற்கள்: மண்ணெண்ணெய், ஞாயிற்றுக்கிழமை. முதற்சொல்லில் மூன்று சுழி ணகரம் நான்கு முறை வருகிறது. இரண்டு சொற்களிலுமாக ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. சுழிகள் அடைபடாமல் உள்ளே வெள்ளை தெரிய வேண்டும். புள்ளி ஐந்தும் ஒன்றுகூடத் தவறாமல், மிளகுபோல் பருக்காமல் விழ வேண்டும். இந்த இரண்டும் ஒருசேர அமைந்துவிட்டால் அந்தப் பேனாவும் அந்த மையும் என் மேசையில் தங்கிவிடும்.

பள்ளியில் தமிழ் கற்பிப்பவன் என்பதால் நாளொன்றுக்குப் பல பக்கங்கள் கையால் எழுதுகிறேன். மை பேனாவைப் பற்றி உலகெங்கும் எழுதப்படும் மதிப்புரைகளை விரும்பிப் படிக்கிறேன் என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை ரோமன் எழுத்தைக் கூட்டெழுத்தாக, கையைப் பெரும்பாலும் தூக்காமல் எழுதுகிறவர்களின் அனுபவத்திலிருந்து வருபவை. நாமோ ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் கையைத் தூக்கி, நிப்பின் நுனியைத் தாளில் ஒரு கணம் மட்டும் பட வைத்து எடுக்கிறோம். அந்த ஒரு கணத்தில் நுனியில் மை தயாராக நிற்காவிட்டால் ‘கண்’ என்று எழுத நினைத்தது ‘கண’ என்று நின்றுவிடும். மை மிகுந்து நின்றாலோ புள்ளி கொழுத்து மேல்வரியைத் தொடும், ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள். படிக்கிறவர் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று தெரிந்துகொண்டார். தாளில் எழுதும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

மை பேனாவின் உள்வேலை மிக எளியது. நிப்பின் நடுவிலுள்ள மெல்லிய பிளவும், அதற்கு அடியிலுள்ள கட்டையில் வெட்டப்பட்ட நுண்ணிய வாய்க்கால்களும் தந்துகி விசையால் மையை நுனிக்குக் கொண்டுவருகின்றன. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே ஏறுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்தும் வாய்க்கால்கள் கொண்ட கட்டைக்குத்தான் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பிளவு சற்று அகன்றும் வாய்க்கால் ஆழமாகவும் இருந்தால் பேனா தாராளமாக மையை விடும். இல்லையென்றால் சிக்கனமாக விடும். மையிலும் அதே இருவகை உண்டு. பரப்பு இழுவிசை குறைந்த மை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, கூடிய மை தயங்கித் தயங்கி இறங்குகிறது. தாராளப் பேனாவுக்குத் தயங்கும் மை, சிக்கனப் பேனாவுக்கு ஓடும் மை என்று இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிறம் பார்த்து மை வாங்குவதில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அன்றாட எழுத்துக்கு நிறத்தை இரண்டாவதாகவே பார்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

என் பாடக்குறிப்பேட்டை எழுதுவது திருவள்ளூரில் ரங்கா நிறுவனத்தார் எபோனைட் என்னும் கடின ரப்பரைக் கையால் கடைந்து செய்யும் பேனா. உடல் முழுவதுமே மைத்தொட்டியாக, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்றி நிரப்பும் பழைய வகை. நிப்பு மீடியம், அடிக்கட்டையும் எபோனைட். எபோனைட் கட்டையில் மை நன்றாக ஒட்டிப் படர்வதால் இத்தகைய பேனாக்கள் தாராளமாகவே மை விடும். அதில் ஓடும் மையை ஊற்றினால் சுழிகள் எல்லாம் அடைபட்டுப் பக்கம் முழுவதும் கறுத்த எள் கொட்டியதுபோல் ஆகிவிடும். பெலிக்கான் 4001 வரிசையின் ராயல் ப்ளூ, தயங்கி இறங்கும் மை என்று பெயர் பெற்றது. அதையே பல ஆண்டுகளாக இதில் ஊற்றி வருகிறேன். தயக்கமும் தாராளமும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ள, மீடியம் நிப்பிலும் ணகரம் மூன்று சுழியோடு நிற்கிறது.

இந்த வகைப் பேனா வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மை குறையக் குறையத் தொட்டியில் காற்று கூடுகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. பேனா மை கக்குகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சித்திரை வெயிலில் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து எழுதும்போது இது இன்னும் கூடுதலாக நடக்கும். மாணவியொருத்தியின் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் பெரிய சொட்டு ஒன்று விழுந்து, அவள் மறுபடியும் முதலிலிருந்து எழுத நேர்ந்தது முதல், தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மை இருக்கும்போதே நிரப்பிவிடுகிறேன். எபோனைட் சூட்டை எளிதில் கடத்தாது, சுவரும் தடிப்பு. ஆகவே மெல்லிய பிளாஸ்டிக் உடலைவிட இதில் தொல்லை குறைவு.

இதற்கு நேரெதிரான அனுபவம் ஒரு ஜப்பானிய ஃபைன் நிப்பில் கிடைத்தது. ஜப்பானிய ஃபைன் நிப்பு ஐரோப்பியரின் எக்ஸ்ட்ரா ஃபைனுக்கு நிகரான மெல்லிய கோடு போடும். நெருக்கமான சுழிகள் உள்ள நம் எழுத்துக்கு அது மிகவும் ஏற்றது என்று நம்பி வாங்கினேன். எபோனைட் பேனாவுக்கு அவ்வளவு நன்றாக அமைந்த அதே மையை இதிலும் நிரப்பினேன். கோடு வெளிறியது, அதைவிட, புள்ளிகள் பாதிக்குமேல் விழவே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு முறை குத்திக் குத்தி, ஒரு பக்கம் முடிவதற்குள் விரல் வலித்தது. நிப்புதான் பழுது என்று எண்ணிப் பேனாவை ஓராண்டு பெட்டிக்குள் போட்டு வைத்தது என் அறியாமை. பிறகு ஒரு நண்பர் கொடுத்த பைலட் இரோஷிசுகு மையை அதில் நிரப்பினேன். 2007இல் வெளிவந்த இந்த வரிசையின் மைகள் வழுக்கி ஓடுபவை. விழாத புள்ளிகள் அத்தனையும் விழத் தொடங்கின. நிப்பிலும் தாளிலும் மாற்றமில்லை, எழுதிய கையும் அதே கை. மாறியது மை மட்டும். காலை முகம் என்று பொருள்படும் பூவின் பெயர் கொண்ட அசகாவோ என்ற நீலமே இன்றும் அதில் இருக்கிறது. விலை நம்மூர் மைகளைப்போலப் பன்மடங்கு என்றாலும், ஃபைன் நிப்பு குடிக்கும் மை மிகக் கொஞ்சம் என்பதால் ஒரு குப்பி நெடுநாள் வருகிறது.

தாளைப் பற்றிச் சொல்லாமல் மையைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. நம் மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களில் பல ஊறும் தாளால் ஆனவை. கோட்டின் ஓரங்களில் மை வேர்விட்டுப் பரவும், பின்பக்கமும் தெரியும். தாள் தடிப்பாக இருந்தால் ஊறாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஜப்பானின் டொமோயே ரிவர் தாள் சதுர மீட்டருக்கு 52 கிராம் எடையே உள்ளது, ஆயினும் அதில் பெரும்பாலான மைகள் ஊறுவதில்லை. தாளுக்குப் போடும் பசைப்பூச்சுதான் காரணம். அன்றாடத்துக்கு நான் பயன்படுத்துவது கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்யும் டிஎன்பிஎல் நிறுவனத்தின் நகல் தாள். அச்சு இயந்திரத்துக்கான தாள்தான். எனினும் 80 கிராம் வகையில் நீல மை ஒழுங்காகவே நிற்கிறது. ஓடும் மையை மட்டும் அதில் மீடியம் நிப்பால் எழுதுவதில்லை.

ஊறும் தாளில் எழுதியே ஆக வேண்டிய இடங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன செய்வது? வங்கிப் படிவம், பதிவேடு, அஞ்சல் உறையின் முகவரி ஆகியவற்றுக்கு நான் கையாள்வது நீலக்கருப்பு இரும்பு மை. இதன் வேதியியல் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். நம்மூரில் மாசிக்காயின் வேலையைக் கடுக்காய் செய்தது. காயிலுள்ள துவர்ப்புப் பொருள் அன்னபேதியின் இரும்போடு சேர்ந்து, காற்றுப்பட்டவுடன் மெல்ல மெல்லக் கருத்து, நீரில் கரையாத பொருளாகத் தாளின் நாரைப் பற்றிக்கொள்கிறது. குப்பியிலிருக்கும்போது அந்தச் சேர்மம் வெளிறியே இருக்கும் என்பதால், எழுதும்போது கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச் சாயம் கலக்கிறார்கள். காலையில் நீலமாக எழுதியது மாலைக்குள் கருநீலமாகி, சில நாட்களில் சாம்பல் தோய்ந்த கருப்பாவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்காத மகிழ்ச்சி. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை இவ்வகை மையால்தான் எழுதிவந்தார்கள். டயமைன் நிறுவனத்தின் பதிவாளர் மை என்ற பெயரே அதிலிருந்து வந்தது. ஜெர்மானிய ரோரர் கிளிங்னரின் சாலிக்ஸ் சற்று மென்மையான வகை. நான் பயன்படுத்துவது அதைத்தான்.

இரும்பு மை ஊறும் தாளிலும் கோட்டை மெல்லியதாகவே நிறுத்துகிறது, புள்ளியும் பரவாமல் நிற்கிறது. மழையில் நனைந்த உறையிலும் முகவரி அழிவதில்லை. ஆனால் இது அமிலத்தன்மை கொண்டது, தயங்கி இறங்குவதும்கூட. ஆகவே தாராளப் பேனா வேண்டும். தங்க நிப்பு இருந்தால் கவலையில்லை, எஃகு நிப்பு என்றால் பேனாவுக்குள் காய விடாமல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவிவிட வேண்டும். கடுக்காயும் அன்னபேதியும் காய்ச்சிச் செய்த வீட்டு மையைப் பேனாவில் ஊற்ற நினைக்கும் இளையவர்களை நான் தடுத்துவிடுவேன். அதில் படியும் வண்டலும் சேர்க்கும் பிசினும் வாய்க்கால்களை அடைத்துவிடும். அதைத் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அழியாத மைகளில் இன்னொரு வகை, சாயத்துக்குப் பதில் நுண்துகள் மிதக்கும் கரி மைகள்: பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லரின் கிவாகுரோ போன்றவை. ஆழ்ந்த கருப்பு, தண்ணீருக்கு அசையாது. இவற்றுக்கு இணை தேடும்போது நான் நிப்பைவிட மூடியை அதிகம் பார்க்கிறேன். தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் அறையில் திறந்து வைத்த நிப்பு ஒரு பேச்சு முடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. மூடி சரியாகப் பொருந்தாத பேனாவிலோ கோடை விடுமுறை முடிவதற்குள் தண்ணீர் ஆவியாகிக் குழம்பு மட்டும் மிஞ்சும். சாய மை காய்ந்தால் தண்ணீரில் கரையும், கரித்துகள் காய்ந்தால் எளிதில் கரையாது. பிளாட்டினம் நிறுவனம் 2011இல் தன் 3776 செஞ்சுரி பேனாவில் மூடிக்குள் விசைச்சுருளோடு இன்னொரு மூடியை வைத்துக் காற்றை அடைத்தது. அந்நிறுவனத்தின் மலிவான பிரெப்பி பேனாவிலும் அத்தகைய உள்மூடி இருக்கிறது. என் கரி மை குடியிருப்பது பிரெப்பியில்.

விடைத்தாள் திருத்தும் சிவப்புக்குத் தனியாக ஒரு பேனா உண்டு. சிவப்புச் சாயம் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொண்டால் போகாது என்பதால் அதற்குள் வேறு நிறம் ஊற்றுவதில்லை. மாணவர் விட்ட புள்ளியை நான் போட்டுக் காட்ட வேண்டியிருப்பதால், நிப்பு எதிர்ப்பின்றி உடனே எழுதும் ஓடும் மையையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். திருத்தும் இடங்களில் கொஞ்சம் ஊறினாலும் பாதகமில்லை.

மை மாற்றும்போது கழுவுவதில் அவசரம் கூடாது. அமில மையும் கார மையும் பேனாவுக்குள் சந்தித்தால் திரிந்து வண்டலாகிவிடலாம். சாதாரணத் தண்ணீரில் நிறம் போகும்வரை அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்து, நிப்பைக் கீழாக வைத்து மெல்லிய தாளில் ஓர் இரவு நிறுத்திவிடுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர்; அது காய்ந்த வாய்க்காலில் வெள்ளையாகப் பொறுக்குத் தட்டியதைப் பார்த்த பிறகு வந்த பழக்கம் இது.

என் தந்தையார் விட்டுச்சென்ற பேனா ஒன்று மட்டும் இன்னும் இணை கிடைக்காமல் இருக்கிறது. அவர் கை தேய்த்த அகலமான நிப்பு. எந்த மை ஊற்றினாலும் மண்ணெண்ணெய் என்ற சொல்லில் ஒரு சுழிகூடத் திறந்திருப்பதில்லை. நான்கு மைகளை முயன்றுவிட்டேன். சுதேசி இயக்கக் காலத்தில், 1934இல் வங்கத்தில் தொடங்கி, இடையில் மூடப்பட்டு, 2020இல் மறுபடியும் மை செய்யத் தொடங்கிய சுலேகாவின் நீலம் ஒரு குப்பி இப்போது மேசையில் இருக்கிறது. பேனாவை நேற்று இரவே கழுவி நிறுத்திவிட்டேன். இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பியதும் நிரப்ப வேண்டும்.