கறுப்பை விட்டுச் செதுக்குதல்: மட்டக்களப்பு அச்சுக் குறிப்புகள்

மார்கழி 4

லினோ அச்சுக்கான காட்சி முடிவாயிற்று. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவில், டிராகுலா பிரபுவின் கோட்டையில் தங்கியிருக்கும் ஹார்க்கர் ஜன்னலால் எட்டிப் பார்க்கும் இடம். ஒரு மாடி கீழே, சற்று இடப்பக்கமாக, பிரபு தலைகீழாகச் சுவரில் ஊர்ந்து இறங்குகிறார். மேலங்கி சிறகுபோல விரிகிறது. பல்லும் இரத்தமும் இதற்குத் தேவையில்லை. முகத்தைக் காட்டினால் பயம் பாதியாகிவிடும்.

லினோ என்பது செதுக்கி, மை பூசி அச்சிடும் மெதுவான தகடு; அதில் படம் இடம்வலம் மாறி விழும். அதனால் உருவம் பலகையில் வலப்பக்கம் இருக்கவேண்டும். 4பி பென்சிலால் ட்ரேசிங் தாளில் வரைந்து, கவிழ்த்துவைத்து, முதுகில் தேய்த்தால் கோடு சரியாக மாறி இறங்கும்.

மார்கழி 6

3.2 மில்லிமீற்றர் லினோ மாரிக் குளிருக்கு இறுகி, உளி வழுக்குகிறது. துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரிப்பெட்டியை ஓடவிட்டால் இளகும். சூடு கூடினால் கோட்டின் விளிம்பு பிய்யும். உளி போகும் திசையில் மற்றக் கை இருக்கவே கூடாது.

கல் இடுக்குகளுக்கு ஒடுங்கிய வீ (V) வடிவ உளி; ஒரு மில்லிமீற்றர் ஆழம் தாராளம். மேலங்கியில் கை வைக்கவேண்டாம், நிலவு படும் ஓரத்தில் மட்டும் சில மெல்லிய கீறல்கள். 1934இல் அமெரிக்க ஓவியர் லிண்ட் வார்ட் பிராங்கன்ஸ்டைன் நாவலுக்குச் செய்த மரச்செதுக்குகளைப் பாருங்கள்: இருட்டிலிருந்து வெளிச்சத்தை வெட்டி எடுத்திருப்பார். வெள்ளை கூடக்கூடச் சுவர் வெறும் சுவராகிவிடும்.

மார்கழி 9

சோதனைப் பிரதி. கண்ணாடியில் மை பரப்பி ரோலரை உருட்டும்போது மெல்லிய சரசரப்புக் கேட்கவேண்டும். சளசளவென்றால் மை அதிகம். மெல்லிய கோடுகள் அடைபடும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் நீர்மை ரோலரிலேயே காய்ந்துவிடும். இங்கே எண்ணெய் மைதான் நம்பிக்கை.

அச்சியந்திரம் இல்லாமல் கரண்டி முதுகால் தேய்ப்பவர்கள் தடித்த தாளை எடுக்கவேண்டாம். பெரிய கறுப்புப் பரப்பு உப்புத் தூவியதுபோலப் புள்ளி விழும். 80 முதல் 100 கிராம் தாள் போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, சிறு வட்டங்களாகத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் அப்படியே விட்டு இன்னும் தேய்க்கலாம்.

மார்கழி 13

நிலவுக்கு இரண்டாவது பலகை, சாம்பல் நீலம். வெள்ளை மையில் கறுப்பையும் நீலத்தையும் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். கறுப்பில் வெள்ளையை ஊற்றினால் மை வீண். இந்த நிறம் முதலில், கறுப்பு பிறகு.

மாரியில் சிக்கல் தாளில்தான். ஈரத்துக்குத் தாள் விரிகிறது, இழைக்குக் குறுக்காக இன்னும் கூட. முதல் நிறம் மழைநாளில், இரண்டாவது காய்ந்த நாளில் என்றால் விளிம்புகள் பொருந்தா. அரை மில்லிமீற்றர் விலகினாலே மேலங்கி ஓரத்து வெள்ளைக் கோட்டைக் கறுப்பு விழுங்கிவிடும். எல்லாத் தாளையும் ஒரே அறையில் வைத்து, இழைத் திசை ஒன்றாக இருக்கும்படி வெட்டி, மூலையில் எல் வடிவ மட்டை ஒட்டி அதற்கு முட்டவைத்து அச்சிடுங்கள்.

மார்கழி 20

சாம்பல் நீலம் காய இந்த ஈரத்தில் ஒரு கிழமையும் போகும். விரல் ஒட்டினால் கறுப்பை ஏற்றவேண்டாம், அடி நிறம் உரிந்து பலகையோடு வரும். மின்விசிறிக் காற்றில் கொடியில் தொங்கவிடுவது நல்லது, அடுக்கினால் காயாது.

பலகையைத் தேங்காயெண்ணெயால் துடைத்தால் மை கழரும். அந்த எண்ணெய் தானாகக் காயாது, படலம் மிஞ்சினால் அடுத்த மை பிடிக்காது. சவர்க்காரம் தொட்ட ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிடுங்கள்.