அம்பாசிடருக்கு ஒரு கிளட்ச் பிளேட்

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது என்று அர்த்தம். பின் சீட்டிலிருந்து அம்மா, "என்னடா, வண்டி இப்படி மூச்சு வாங்குது?" என்றார். அப்பா 1977-ல் வாங்கிய மார்க் 3 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல், ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும் கை கியர். அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன், விற்கும் எண்ணம் துளியும் இல்லை.

சைதாப்பேட்டையில் எங்கள் மெக்கானிக் அண்ணன் கியர் பாக்ஸை இறக்கி, பழைய பிளேட்டை என் கையில் கொடுத்தார். பிளேட்டின் இரு பக்கமும் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங், அது ஒரு பக்கம் ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்திருந்தது. ரிவெட் லைனிங்குக்குள் அமுங்கி இருக்க வேண்டும், தலை வெளியே வந்தால் ஃப்ளைவீலையே, அதாவது பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரத்தையே, கீறிவிடும். பிளேட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் கடகடவென்று சத்தம், நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குகள் தம் குழிகளில் ஆடுகின்றன. அதாவது லைனிங் மட்டுமல்ல, கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டில் கோக்கும் பல் வெட்டிய நடு ஹப்பும் போய்விட்டது.

சரி, புதுசு வாங்கலாம் என்று உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். "அம்பாசிடர் கிளட்ச் பிளேட்" என்று மட்டும் கேட்டது என் தப்பு. 1990-களின் தொடக்கத்திலிருந்து அதே உடம்பில் இசுசு 1800 இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் வந்துவிட்டன, இன்று நிறைய கடைகளில் அம்பாசிடர் என்றால் கை முதலில் போவது அதற்குத்தான். அந்தப் பிளேட் நம் ஷாஃப்ட்டில் ஏறாது. பழைய பிளேட்டைப் பையில் எடுத்துப் போயிருந்ததால் அங்கேயே தெரிந்தது. அதனால் வண்டிப் பெயரைச் சொல்லி இதை வாங்கக் கூடாது, பழையதைக் கையில் வைத்துக்கொண்டு விட்டம், பல் எண்ணிக்கை, பல்லின் அகலம், ஹப்பின் நீளம், மொத்தத் தடிமன் எல்லாவற்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு கடையில் சரியான அளவில், 8 அங்குலத்தில், பளபளவென்று ஒரு புதுப் பிளேட் கிடைத்தது. விலையும் குறைவு. ஷெட்டுக்குக் கொண்டு வந்து அண்ணன் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டில் மாட்டினார், பிளேட்டின் ஓரத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. "தம்பி, புதுசுலயே இப்படி ஆடுச்சுன்னா ஆறு மாசத்துல ஷாஃப்ட்டையும் தின்னுடும்" என்றார். பிளேட் தேய்ந்தால் மாற்றிவிடலாம், அந்த ஷாஃப்ட்டுக்கு நான் எங்கே போவேன்? திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது இடம் புதுப்பேட்டை. உள் சந்தில் ஒரு பெரியவர் கடை, மேல் தட்டிலிருந்து எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு பழைய ஸ்டாக் பிளேட்டை எடுத்தார். ஷெட்டில் ஷாஃப்ட்டில் வைத்து விட்டதும் தானாக மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது, ஆட்டமே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதன் லைனிங்கை நான் நம்பவில்லை. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். போதாக்குறைக்கு நம் ஊர் ஈரக் காற்றில் வருஷக்கணக்கில் கிடந்து ரிவெட்டைச் சுற்றித் துரு வேறு.

கடைசியில் செய்தது இதுதான்: அந்தப் பிளேட்டின் ஹப்பை வைத்துக்கொண்டு, லைனிங்கை மட்டும் மாற்றினோம். லைனிங் மாற்றித் தருபவரிடம் முன்பே ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டோம், பழைய லைனிங்கை நனைத்துவிட்டுத்தான் பிரித்தார், ஏர் அடிக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் போட்டு ரிவெட் அடித்தார். இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய தகடு இருக்கும், வண்டி உதறாமல் கிளம்புவது அதனால்தான். அது எங்கும் நசுங்கி மட்டமாகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் பிளேட்டை ஷாஃப்ட்டில் மாட்டிச் சுற்றி, டயல் கேஜ் என்ற முள் காட்டும் அளவுக் கருவியில் கோட்டம் பார்த்தோம். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தது.

ஹெவி ட்யூட்டி லைனிங் போடச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். வேண்டாம். இந்த இன்ஜினின் இழுவைக்குப் சாதாரண லைனிங்கே தாராளம். உலோகத் துகள் கலந்த கடின லைனிங் போட்டால் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி உதறும், ஃப்ளைவீலும் சீக்கிரம் தேயும். தடிமனும் பழைய அளவிலேயே இருக்கட்டும், கூடிவிட்டால் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் (பெடல் மிதித்தால் அதை விடுவிப்பவை) நிற்கும் உயரம் மாறி, கிளட்ச் முழுசாக விடாது, கியர் கரகரக்கும்.

மாட்டும்போது ஹப்பின் நீளமான பக்கம் கியர் பாக்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் விரலால் தடவிய அளவு போதும், கூடினால் லைனிங்கில் தெறிக்கும். இந்த இன்ஜினின் பின் பக்கம் ரப்பர் ஆயில் சீல் கிடையாது, திருகு வெட்டுதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது, அதனால் கொஞ்சம் கசியும். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் உள்ள ஓட்டை அந்தக் கசிவு வெளியேறத்தான். எங்கள் வண்டியில் அது சேறு அடைத்துக் கிடந்தது, பழைய பிளேட்டில் ஆயில் கறை வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். குத்தி எடுத்துவிட்டோம். பெடல் மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் கார்பன் ரிலீஸ் பேரிங்கும் பாதி தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினோம். ஓட்டும்போது பெடலில் கால் வைத்தே இருக்கும் பழக்கம் எனக்கு உண்டு, கார்பனுக்கு அது ஆகாது, இப்போது விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு அதே பாலத்தில் அதே அம்மாவோடு ஏறினேன். இன்ஜின் சத்தமும் வண்டி வேகமும் ஒன்றாக ஏறின. அளந்த கணக்கையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி, பழைய பிளேட்டோடு சேர்த்துக் கட்டி டிக்கியில் போட்டிருக்கிறேன்.