ஓசை கொடுத்த நாயகி சந்நிதியில்

சீர்காழிக்குப் போனால் சட்டைநாதரைக் கும்பிட்டுவிட்டு, வண்டியை நேரே வைத்தீஸ்வரன்கோயிலுக்கு விடுவதுதான் எங்கள் வழக்கம். இந்த முறை அத்தைக்காகப் பக்கத்திலேயே இருக்கும் திருக்கோலக்காவுக்குப் போனோம்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து 8 மாதம் ஆகிறது. நடை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் கேட்கவே வாய் திணறும். ஆனால் சின்ன வயதில் ஓதுவாரிடம் பாடம் கேட்ட தேவாரம் மட்டும் சொல் பிசகாமல் வரும். பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் கேட்டோம். "பேச்சும் பாட்டும் மூளைக்குள் ஒரே பாதையில் போவதில்லை. நிறையப் பாட விடுங்கள்" என்றார்.

சம்பந்தர் 3 வயதில் கைத்தாளம் போட்டுக்கொண்டே பாடிய தலம் இது. பிஞ்சுக் கை சிவக்குமே என்று ஐந்தெழுத்து பொறித்த பொற்றாளம் கொடுத்தாராம் சுவாமி. சுந்தரரும் இதைத் தம் பதிகத்தில் சொல்கிறார். சரி, பொன்னைத் தட்டினால் என்ன சத்தம் வரும்? வெண்கலமாவது கணீர் என்னும். அந்த ஓசையைத் தந்தவள் அம்பாள். அதனால்தான் அவள் பெயர் ஓசை கொடுத்த நாயகி. (பொருளை வாங்கி வருவது ஒருவர், அதை வேலை செய்ய வைப்பது இன்னொருவர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.)

அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் குருக்கள். அத்தை உதட்டை அசைத்தார், வரவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது குருக்கள் கையமர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்துப் பெயருக்குப் பதில் பாட்டு வந்தது. 'மடையில் வாளை பாய' என்று தொடங்கும் இந்த ஊர்ப் பதிகம். தக்கராகம் என்ற பண், காம்போதி ராகத்தில் பாடுவார்கள். வலக்கை இன்னும் சரியாக மடங்காததால் இடக்கையால் தொடையில் தட்டிக்கொண்டார்.

பேச்சு வராத பிள்ளைகளை அழைத்துவந்து வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம். அப்படி வந்திருந்த ஒரு பையன் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, அத்தையைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினான். தாளமெல்லாம் இல்லை, தோன்றியபடி தட்டினான். அத்தை அவன் கையைப் பார்த்துப் பார்த்துப் பாட்டின் வேகத்தைக் குறைத்தார். 11 பாட்டில் நான்காவதில் மூச்சு வாங்கியது. நிறுத்திய பிறகும் பையன் விடவில்லை, தட்டிக்கொண்டே இருந்தான்.

வெளியே ஆனந்த தீர்த்தத்தின் படியில் உட்கார்ந்தோம். அத்தை என் கையைச் சுரண்டினார். 'டீ' என்ற ஒற்றை எழுத்தைக் காம்போதியில் நீளமாக இழுத்தார். அப்புறம் என்ன, கடை தேடி ஓடினேன்.